சூசையப்பருக்கு மடிப்பிச்சை

சேசு மரி சூசை துணை

நியூ ஆர்லியன்ஸ்,
6 பிப்ரவரி 1924

அன்புள்ள லியொனார்தா அக்காவுக்கு,

தங்கை நின்ஃபா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சிசிலிக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் தேவலையா? இந்த வருஷத்து எண்ணெய் கசக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே நாங்கள் கடையில் விற்கும் எண்ணெயை நீ ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உன் எண்ணெயை இனி குறை சொல்லமாட்டாய்.

கடை நன்றாக நடக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நின்ஃபாவின் கடிதத்தைப் பிழிந்தால் ஒரு வாளி கண்ணீர் வரும் என்று அத்தான் கேலி செய்வார். வாசலில் வாழைத்தார் தொங்குகிறது. உள்ளே மக்ரோனிப் பெட்டிகள், உப்பு மத்திமீன் பீப்பாய், ஆலிவ் ஜாடிகள். நம்மவர்கள், ஐரிஷ்காரர்கள், கறுப்பு மக்கள் எல்லாரும் வாங்க வருகிறார்கள். இங்கே யாரும் என் வீட்டுக்காரரைக் கலோஜெரோ என்று கூப்பிடுவதில்லை, அந்தப் பெயர் இவர்கள் வாயில் நுழையாது. பக்கத்து வீட்டு ஐரிஷ்காரி ஹானலன் அம்மாள் காலையிலேயே வந்து, "மிஸ்டர் சார்லி, தக்காளி குடு. உன் மூஞ்சி மாதிரி அடிபட்டதா பாத்துக் குடுக்காத" என்று ஆரம்பிப்பாள். இவரும் விடமாட்டார். "உனக்குன்னே நேத்தே மிதிச்சு வச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்பார். அந்தக் கூத்தைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள்.

கப்பலை விட்டு இறங்கியபோது இவர் தோளில் ஒரு எலுமிச்சைக் கூடைதான் இருந்தது என்பது உனக்குத் தெரியும். பிறகு தள்ளுவண்டி. அப்புறம்தான் இந்த மூலைக்கடை. போன வருஷம் கடைக்குப் புதுப் பலகை மாட்டினோம். 'மன்னினோவும் மகனும்' என்று இருக்கும். எழுத்தை வரைந்தவன் நம் காஸ்பரேதான். பலகை ஏறிய அன்று இவர் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

அந்த மகனைப் பற்றித்தான் எழுத வேண்டும். நவம்பரில் காஸ்பரே இருமிய கைக்குட்டையில் ரத்தம் வந்தது. நுரையீரல் என்று டாக்டர் சொன்னார். முட்டை கொடு, பால் கொடு, ஜன்னலைத் திறந்து வை என்றார். அவர் சொன்ன தினுசிலேயே எனக்குப் புரிந்துபோயிற்று. பதினேழு வயதுப் பிள்ளை அக்கா. அன்றைக்கே நான் சூசையப்பர் சுரூபத்தின் முன்னால் விழுந்து நேர்ந்துகொண்டேன். இவன் எழுந்து நடந்தால் மார்ச்சில் உமது திருநாளுக்கு ஏழைகளுக்கு விருந்து மேசை போடுகிறேன், நம் ஊர் முறைப்படி வீடு வீடாகச் செருப்பில்லாமல் போய் மடிப்பிச்சை எடுத்து, அந்தப் பொருளில்தான் போடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு எழுந்து வந்து கடையில் நின்றான். ஹானலன் அம்மாளிடம், "சூசையப்பர் எங்கப்பாவ விடக் கறாரான ஆளு. சரக்க அனுப்பிட்டாரு, இனி வெலையக் கட்டறது எங்கம்மா பாடு" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது.

பிச்சைக்குப் போகவேண்டும் என்று போன வாரம்தான் அவரிடம் சொன்னேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மேசை போடு. ஊரே மூக்குல விரல வைக்கிற மாதிரி போடு. ஆனா பிச்சை கிச்சைன்னு வாயத் தொறக்காத" என்றார். "நேந்துக்கிட்டது அப்படிங்க. கையேந்தி வாங்கினாத்தான் அது நேர்ச்சை" என்றேன். "கடல் தாண்டி வந்தது எதுக்குடி? எவன் வாசல்லயும் நிக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். என் பொண்டாட்டி ஏப்ரன விரிச்சுக்கிட்டு அந்த பார்த்தொலோ கடை வாசல்ல போய் நின்னா, நான் தூக்குல தொங்கிருவேன்" என்றார். பார்த்தொலோ அடுத்த தெருவில் கடை வைத்திருக்கிற நம் ஊர்க்காரன். ஒரு வாழைத்தார் ஏலத்தில் இவர்களுக்குள் வந்த சண்டை, பேச்சு வார்த்தை நின்று வெகுகாலமாகிறது.

ஆகையால் அக்கா, நீ ஊரில் விவரம் தெரிந்த பெண்களைக் கேட்டு எழுது. சொந்தக் கடைச் சாமானை வைத்து மேசை போட்டால் நேர்ச்சை தீருமா? கொஞ்சம் பிச்சை, கொஞ்சம் கடை என்று கலக்கலாமா? கப்பல் தபால் சீக்கிரம் வந்துசேரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சாமியாரிடம் கேட்காதே, அவருக்கு இதெல்லாம் தெரியாது.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். என் பிள்ளைக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று.

உன் அன்புத் தங்கை,
நின்ஃபா


சேசு மரி சூசை துணை

நியூ ஆர்லியன்ஸ்,
4 ஏப்ரல் 1924

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. திருநாள் முடிந்த பிறகு வந்தது. பிரித்துப் படித்துவிட்டு அப்படியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிடி உப்புகூடச் சொந்த வீட்டிலிருந்து போடக் கூடாது, போட்டால் அது விருந்துதான், நேர்ச்சை இல்லை என்று எழுதியிருக்கிறாய். பொய்யாகவாவது ஒரு வார்த்தை நல்லதாக எழுதியிருக்கக் கூடாதா நீ? கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் கோபப்படாமல் நான் யாரிடம் கோபப்படுவேன்?

நடந்ததை எழுதுகிறேன். மேசை போட்டோம். இந்தத் தெருவில் இதற்கு முன் இப்படி ஒரு மேசை யாரும் போட்டதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைக்குள் மூன்று படியாகப் பலகை அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, உச்சியில் சுரூபம் வைத்து, லில்லிப் பூ சாத்தினோம். சுத்தியல், ரம்பம், ஏணி என்று சூசையப்பரின் தச்சுச் சாமான் வடிவத்தில் ரொட்டிகள் சுட்டேன். தவக்காலம் ஆகையால் இறைச்சி இல்லை. ஆளுயரத்துக்கு ஒரு மீன் வாங்கி வந்தார். மத்திமீன் மக்ரோனிக்கு மேலே அவர் பட்டறை மரத்தூள் மாதிரி வறுத்த ரொட்டித்தூள், மொச்சை, பெருஞ்சீரகத் தழை, அத்திப்பழப் பலகாரம். எல்லாம் கடைச் சரக்கு, அதிலும் முதல் தரம். விற்பனைக்குக்கூட அவ்வளவு நல்லதாக அவர் எடுத்து வைத்ததில்லை. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நம் பெண்கள் மட்டும் பிச்சைக்கு விரியாத என் ஏப்ரனைப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

இது போதாதென்று இன்னொன்றும் நடந்தது. சூசை, மரி, குழந்தை சேசு வேஷத்துக்கு அநாதை விடுதியிலிருந்து மூன்று பிள்ளைகளை அழைத்து வந்திருந்தேன். அவர்கள் கதவைத் தட்ட வேண்டும், முதல் வீட்டில் இடமில்லை போ என்று சொல்ல வேண்டும், இரண்டாவது வீட்டிலும் அப்படியே, மூன்றாவது கதவுதான் திறக்கும், அப்போதுதான் மேசை கூடும். முதல் கதவுக்கு ஹானலன் அம்மாளிடம் சொல்லிவைத்தேன். இரண்டாவதுக்கு எதிர்வீட்டில் சொல்லிவைத்தேன். பிள்ளைகள் தெருவில் இறங்கியதும் இவர் குறுக்கே ஓடிவந்து மூன்று பேரையும் கையோடு பிடித்து நேராகக் கடைக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வாங்கடா கண்ணுங்களா, உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றார். சனம் முணுமுணுத்தது. நான் போய் அவர் சட்டையைப் பிடித்து, "ரெண்டு கதவு மூடணுங்க, அதுதான் முறை" என்றேன். "என் கண்ணு முன்னால எந்தப் பிள்ளையையும் எவனும் போன்னு சொல்லக் கூடாது" என்றார்.

சனம் கலைந்த பிறகு என்னிடம் சொன்னார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்குத் தெரியாது. நீ அப்போது பெரிய பெண், உனக்கு ஞாபகம் இருக்கலாம். இவருடைய அப்பா செத்து, ஊரிலேயே பரம ஏழை இவர்கள் வீடுதான் என்பதால், மேசை போடுகிற வீடுகளெல்லாம் இவரையே குழந்தை சேசுவாக இழுத்துக்கொண்டு போவார்களாம். ஒரு வருஷம் முந்தின நாளிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கதவில் இடமில்லை போ என்றதும் நிஜமாகவே சொல்கிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே விழுந்து அழுதிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்களாம். "இந்த வருஷம் சேசு பாலன் பிரமாதமா நடிக்குதுப்பா" என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "இன்னமும் அந்தச் சிரிப்பு என் காதுல இருக்கு நின்ஃபா" என்றார். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது, மறைக்கவில்லை. அன்று அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த வாரமே காஸ்பரே மறுபடி ரத்தம் கக்கினான். இம்முறை கைக்குட்டையில் அடங்கவில்லை.

அப்புறம் உன் கடிதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. கையில் உன் கடிதத்தோடு கடைக்குள் போனேன். ஆட்கள் நின்றார்கள், நான் பார்க்கவில்லை. "உங்க கௌரவந்தான் என் பிள்ளையத் தின்னுக்கிட்டு இருக்கு. சூசையப்பரு குடுத்தத அவரே எடுத்துக்கப் போறாரு. போதுமா?" என்று கத்தினேன். ஹானலன் அம்மாளுக்கு நம் பாஷை தெரியாது, இருந்தாலும் சாமானை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார், ஏப்ரனில் கையைத் துடைத்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. நான் சமைத்து வைப்பேன், அவர் சாப்பிட்டால் சாப்பிடுவார். காஸ்பரேக்கு இது தெரிகிறது. படுக்கையிலிருந்தே, "நீங்க ரெண்டு பேரும் பேசலன்னா நான் எழுந்து வந்து பார்த்தொலோ கடையில வேலைக்குச் சேந்துருவேன்" என்று மிரட்டுகிறான். சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை.

எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான் அக்கா. இனி பிச்சைக்குப் போகலாம் என்றால் அவனை விட்டு நகர முடியவில்லை. நகர்ந்த நேரத்தில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். நீதான் எனக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

உன் தங்கை,
நின்ஃபா


சேசு மரி துணை

நியூ ஆர்லியன்ஸ்,
15 ஜூன் 1924

அக்கா,

மேலே வழக்கமாக எழுதும் மூன்று பெயரில் ஒன்று இல்லை என்பதை நீ கவனித்திருப்பாய். மறதி இல்லை. எழுத மனமில்லை.

காஸ்பரே மே மாதம் நம்மை விட்டுப் போய்விட்டான். எத்தனை தாளைக் கிழித்துப் போட்டாலும் இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. சாமியார் முன்பே வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்திருந்தார். நல்ல கல்லறை கிடைத்தது. கடையில் வாங்குகிற அத்தனை பேரும் வந்தார்கள். பெட்டியின் ஒரு மூலையைப் பார்த்தொலோ சுமந்தான். உனக்கு இதெல்லாம் ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன், எனக்கு இல்லை.

நான் இந்தக் கடிதம் எழுதுவது அவருக்காக. கொஞ்சம் பொறுமையாகப் படி.

அவன் போன அன்று விடிந்ததும் கலோஜெரோ கடைவாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். கடை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அதன் முனைகளை இடுப்பில் செருகி மடியாக்கினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுத்தான் இல்லையே. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெறுங்காலோடு தெருவில் நடந்து போனார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

முதல் வாசல் பார்த்தொலோ கடை. இதைப் பிறகு பார்த்தொலோவே சொன்னான். இவர் போய் மடியை விரித்து, "சூசையப்பர் பேருக்கு ஒரு பிடி மாவு போடுப்பா. என் பையனுக்காக" என்று கேட்டாராம். கடையில் இருந்தவர்கள் முன்னால் கேட்டாராம். பார்த்தொலோ மாவு டப்பாவைத் தேடியிருக்கிறான், கைக்கு எதிரே இருந்ததாம், கண்ணீரில் கண் தெரியவில்லையாம்.

இங்கே காஸ்பரே கண் விழித்தான். முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. "அப்பா எங்க, கடையில சத்தமே காணோம்?" என்றான். நான் சொல்லிவிட்டேன். "பிச்சை எடுக்கப் போயிருக்காருடா, உனக்காக." நம்பவில்லை. "யாரு, அப்பாவா? கலோஜெரோ மன்னினோவா?" என்றான். "ஆமாடா, செருப்புக்கூட இல்லாம" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, சூசையப்பரே பயந்து கதவத் தொறந்து ஓடியிருப்பாரும்மா" என்று சிரித்தான். எவ்வளவு நாளாயிற்று அவன் அப்படிச் சிரித்து. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே இருமல் பிடித்தது. அது நிற்கவில்லை. என் தோளில் சாய்த்துக்கொண்டேன், என் உடுப்பெல்லாம் நனைந்தது, அவ்வளவுதான் அக்கா. சிரித்ததால் வந்த இருமல் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லமாட்டேன். நீயும் யாரிடமும் சொல்லாதே.

என் அலறல் கேட்டு ஹானலன் அம்மாள் ஓடிவந்தாள். சேதி தெருவில் பரவியது. அவர் நடையைவிட அது வேகமாகப் போயிற்று. அவர் போய் நின்ற வாசலிலெல்லாம் அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. ஒரு பிடி கேட்டால் ஒரு மூட்டை போட்டார்கள். பெண்கள் அழுதுகொண்டே போட்டார்கள். தன் தாழ்மையைப் பார்த்துத்தான் அழுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மடி கொள்ளாமல் யாரோ கைவண்டி கொடுத்தார்கள்.

மத்தியானம் வந்தார். படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, என்னோடு பேசாதிருந்ததையே மறந்துவிட்டு, மேலே பார்த்துக் கத்தினார். "நின்ஃபா, ஒரு வீட்டுலகூட இல்லன்னு சொல்லலடி! பார்த்தொலோ அழுதான்டி! இவ்வளவு நல்லவங்களாடி இந்த சனங்க? நான்தான் இத்தன வருஷமா கண்ண மூடிக்கிட்டு இருந்தேனா?" கால் வெடித்து ரத்தம் ஒழுகியது. முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நான் மாடிப்படி உச்சியில் நின்றேன். ஹானலன் அம்மாள் சாவு வீட்டு வழக்கப்படி கூடத்துக் கண்ணாடியின்மேல் கறுப்புத் துணி போட்டிருந்தாள். ஏறி வந்தவர் அதைப் பார்த்தார்.

அழவில்லை. இன்றுவரை அழவில்லை.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். பிச்சை மாவு கடையில் அப்படியே கிடந்தது. கடைக்கதவில் கறுப்புத் துணி கட்டி மூடிவிட்டோம். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மறுபடி செருப்பைக் கழற்றினார். மறுபடி மடியைக் கட்டினார். நான் வழியை மறித்தேன். "இனி யாருக்குங்க பிச்சை?" என்றேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு கதவு மூடினாத்தான் மூணாவது தொறக்கும். நீதான சொன்ன? திருநாளன்னைக்கும் ஒரு கதவையும் மூட விடாம கெடுத்தேன். இவன் போன அன்னைக்கும் எனக்கு ஒரு கதவும் மூடல, எல்லாருமே குடுத்துட்டாங்க. அப்ப எம்புள்ளைக்கு மோட்சத்துல எந்தக் கதவு தொறந்திருக்கும்? வெளிய நிக்கிறான்டி அவன்."

அக்கா, அவர் பிச்சைக்காகப் போகவில்லை. யாராவது இல்லை போ என்று சொல்லமாட்டார்களா என்று போகிறார்.

யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். மிஸ்டர் சார்லியைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்தவர் வெறுங்காலோடு வந்து நின்றால் எவர் மனம் இடம் கொடுக்கும்? அள்ளிப் போடுகிறார்கள். அவர் மடியைப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறார். கொண்டுவந்ததை அநாதை விடுதிக்கு அனுப்புகிறேன். நம் சாமியார் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். இவர் அவரிடமே மடியை விரித்திருக்கிறார், அவரும் ஒரு காசைப் போட்டுவிட்டார்.

போன வாரம் ஆற்றைத் தாண்டிப் போனார். யாரோ முன்பின் தெரியாத ஆள், குடித்திருந்தானாம், நாயை ஏவிவிட்டு ஓடு என்று விரட்டியிருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்து, "ஒண்ணு ஆச்சு நின்ஃபா" என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இரண்டாவது கிடைக்கவில்லை. நாளெல்லாம் நடக்கிறார், பாதம் சீழ் வைத்திருக்கிறது. டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். காஸ்பரேயைப் பற்றிப் பேசிய அதே குரலில் பேசினார். ஹானலன் அம்மாளிடம் நீயாவது விரட்டு என்று கெஞ்சினேன். "உன் புருஷன என் வாசல்லேர்ந்து போன்னு நான் சொல்லணுமா? எந்த வாயால சொல்வேன்?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நேற்று நானே செய்துபார்த்தேன். அவர் போனதும் கதவை உள்ளே தாழிட்டேன். சாயங்காலம் வந்து தட்டினார். யாரென்று கேட்டேன். "நான்தான்" என்றார். இங்கே இடமில்லை, போ என்று சொல்லவேண்டும். வாய்வரை வந்தது. அந்தக் குரல் அவ்வளவு களைத்திருந்தது அக்கா. தாழைத் திறந்துவிட்டேன்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். கலோஜெரோ உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இதோடு சேர்த்துத்தான் அனுப்புகிறேன். நம் ஊரில் உன் வாசலில் தன் பேரால் ஒரு பிடி மாவு கேட்டிருக்கிறார். அதைப் படித்தால் நீ அழுவாய். அழு, ஆனால் கொடுக்காதே. ஆறுதல் ஒன்றும் எழுதாதே. பூசை வைக்கிறேன், செபமாலை சொல்கிறேன் என்றெல்லாம் எழுதாதே. இரக்கம் காட்டினால் அதுவும் கொடுத்த கணக்காகிவிடும். நீ எப்போதும் என்னைவிடத் திடமானவள். அவர் பெயருக்குத் தனியாக ஒரு தாள் எழுது. இங்கே இடமில்லை, போ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு.

கப்பலில் அது வந்துசேரும்வரை அவரை எப்படியாவது உயிரோடு வைத்திருக்கிறேன். தாமதிக்காதே அக்கா. இந்த வீட்டுக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறேன், அவர் அழுவதற்கு ஒரு இடம் வேண்டும்.

உன் தங்கை,
நின்ஃபா